அப்பா வாங்கிவைத்த சத்தியம்

என் பாசத்துக்கும் இப்போதைக்கு என் கோபத்துக்கும் உரிய அப்பா,

நேற்றோடு பிரசாரம் முடிந்தது. இனி வாக்களிப்பு முடியும்வரை வேட்பாளர் வாயைத் திறக்கக் கூடாது. அதனால் உங்களிடம் பேசுகிறேன். இந்தக் கடிதத்தையும் தேர்தலுக்குப் பிறகுதான் வெளியில் காட்டுவேன். இல்லாவிட்டால், செத்துப்போன அப்பாவிடமும் ஓட்டுக் கேட்டாள் என்று என்மேல் புகார் எழுதிவிடுவார்கள்.

ஆமாம் அப்பா, உங்கள் மகள் பிரதேச சபைத் தேர்தலில் நிற்கிறாள். உங்கள் தொழிற்சங்கத்தின் சின்னத்தில் அல்ல, சுயேச்சையாக, தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தல் சின்னத்தில். அப்புத்தளை டவுனில் தையல் மெஷினோடு இருந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் தோட்டத்தில் மேல் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது. அடைமழை பிடித்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலில் போய்ப் படுக்கிறார்கள். வேறு இடத்தில் வீடு கேட்டு எத்தனை தடவைதான் மனுக் கொடுப்பது? சபையில் எழும்பி நின்று கேட்க அந்த லயத்து ஆள் ஒருவர் வேண்டும். யாரும் வரவில்லை, நான் வந்தேன்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சின்னம்மா மகன் யோகராஜ் வேலையை விட்டுவிட்டு என்னோடு அலைந்தான். போன வீடெல்லாம் தேத்தண்ணி கொடுத்தார்கள், தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்கள். ஆனால் "எனக்குப் போடுவீங்கதானே?" என்று கேட்டால் மட்டும் பார்வை அடுப்புப் பக்கம் திரும்பிவிடும். எனக்கு விளங்கவில்லை. கடைசியில் கன்னியம்மா அத்தைதான், அதுவும் பீலிக்கரையில் தண்ணி பிடிக்கும்போது, மெதுவாகச் சொன்னார்.

"ஒனக்குப் போடணும்னுதான் தனம் எல்லாருக்கும் ஆச. ஆனா ஒங்கப்பா எங்ககிட்ட சத்தியம் வாங்கியிருக்காரே."

நான் சிரித்துவிட்டேன் அப்பா. பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன், அதில் சிரிப்பே இல்லை.

நீங்கள் தோட்டத் தலைவராக இருந்த காலத்தில் மாரியம்மன் கோயிலில் எல்லோரையும் நிறுத்தி, எரிகிற சூடத்தை அடித்துச் சத்தியம் பண்ண வைத்தீர்களாமே. மற்றத் தோட்டங்களிலும் தலைவர்கள் அப்படி வாங்கினார்கள்தான். ஆனால் அந்தத் தேர்தலுக்கு மட்டும் என்று வாங்கினார்கள். உங்களுக்குத்தானே வாய் நீளம்! "இந்த லயத்துல வெளக்கு எரியிற காலம் வரைக்கும் இந்தச் சின்னத்துக்குத்தான்" என்று சொல்ல வைத்தீர்களாம். சொல்ல வைத்துவிட்டு, அவிழ்த்துவிடாமலே கண்ணை மூடிவிட்டீர்கள்.

ஏன் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் ஓட்டுச் சிதறினால் நம்மில் ஒருவரும் சபைக்குள்ளே போக முடியாது என்று பயந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்காக, விளக்கு எரிகிற காலம் வரைக்குமா?

இப்போதைய தலைவர் இதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். நேற்றுக் காலையிலிருந்து அவருடைய வேன் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு மலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. "காலமான பெரியவரு வாங்குன சத்தியத்த மறந்துறாதீங்க தாய்மாரே! ஆத்தா பாத்துக்கிட்டுத்தான் இருக்கா!" என்று ஒரே சத்தம். உங்கள் பெயரைச் சொல்லி உங்கள் மகளைத் தோற்கடிக்க வந்த வேன். கல்லெடுத்து எறியலாமா என்று வந்தது. வேட்பாளர் எறியக் கூடாதாம்.

பூசாரியிடம் ஓடினேன். "வாங்குனவரு இல்லேன்னா வாரிசு திருப்பிக் குடுக்கலாம்மா. ஆனா மனசோட குடுக்கணும்" என்றார். உங்களுக்கு வாரிசு நான் ஒருத்திதானே?

தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர்களை யோகராஜ் ஒவ்வொருவராகக் கோயிலுக்குக் கூப்பிட்டான். தலைவர் கோயில் படிக்கட்டில் நின்றுகொண்டு, யார் யார் உள்ளே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக் காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும்போது இவர்களுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன். இருந்தும் வந்தார்கள். கன்னியம்மா அத்தை தலைவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டே உள்ளே வந்தார்.

தட்டில் சூடம் எரிந்தது. "எங்கப்பா ஒங்ககிட்ட வாங்குன சத்தியத்த நான் திருப்பிக் குடுக்குறேன். இனி அது யாரையும் கட்டாது" என்று சொல்லி அடித்து அணைத்தேன். உள்ளங்கை சுட்டது.

அப்போதுதான் யோகராஜ் இரண்டாவது சூடத்தைக் கொளுத்தித் தட்டை என் கையில் வைத்தான். "அக்கா, கேத்தலுக்குன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. இப்ப விட்டா அவ்வளவுதான்."

நான் கேட்கவே இல்லை அப்பா. அவர்களாகவே கையை நீட்டினார்கள். கொழுந்துக் கறை ஏறிய கைகள் வரிசையாகத் தட்டைச் சுற்றி வந்தன. பழக்கம். ஒரு சத்தியம் போனால் இன்னொன்று வர வேண்டும் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வட்டாரமே எனக்கு. அந்த மலையும் வெடிப்பும் பிள்ளைகளும் என் கண்முன்னால் நின்றன. நல்ல காரியத்துக்குத்தானே, சொல்லிவிடு என்றது மனம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

நீங்களும் அன்று நல்ல காரியத்துக்கு என்றுதானே நினைத்திருப்பீர்கள்?

நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். சூடம் இவ்வளவு நேரம் எரியும் என்று எனக்குத் தெரியாது. கீழே ரோட்டில் வேன் கத்திக்கொண்டே இருந்தது. யோகராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு "அக்கா... அக்கா..." என்றான். அது தானாக எரிந்து அடங்கியது. நீட்டிய கைகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. திருநீறு வாங்கிக்கொண்டு கலைந்தார்கள்.

அதிலிருந்து யோகராஜ் என்னோடு பேசுவதில்லை. அவன் கோபம் சரியானதுதான், அவனுடைய உழைப்பையும் சேர்த்தல்லவா எரிய விட்டேன்.

கன்னியம்மா அத்தை மட்டும் போகாமல் நின்றார்.

"அப்ப நான் யாருக்குப் போடணும்?"

"ஒங்க இஷ்டம் அத்த."

"என் இஷ்டமா?" முகத்தில் ஒரு திகில். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அப்ப நான் யோசிக்கணும் புள்ள" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

'ஒனக்குத்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. தோற்றால் அந்த மலைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இப்போது மேல் லயத்தில் வீட்டுக்கு வீடு யோசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் யோசிப்பதைக் கேட்க முடியாமல் நான் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். வென்றாலும் தோற்றாலும் மேல் லயத்துக்கு வீடு கேட்பதை விட மாட்டேன். ஓட்டுக்காக எவரிடமும் சூடத் தட்டை நீட்டவும் மாட்டேன். உங்கள்மேல் சத்தியம் என்று எழுதத்தான் பேனா போனது, நிறுத்திக்கொண்டேன். சத்தியம் பண்ணாமல் சும்மா சொல்கிறேன். நம்புங்கள்.

உங்கள் ஒரே மகள்,
தனம்