விரலை எடுப்பதற்குள்

இன்று காலை உன் கம்ப்யூட்டரைப் போட்டேன். உள்ளே விசிறி சுழன்றதும் சூடேறிய தூசியின் வாசனை அறையில் பரவியது. ஒரு கணம், நீதான் வந்து உட்கார்ந்துவிட்டாய் என்று திரும்பிப் பார்த்தேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் தோட்டம் போட்டேன். கணக்கு டீச்சரான நீ வலைத்தளம் கட்டக் கற்றுக்கொண்டாய். நாமக்கல்லின் பெரிய விடுதிப் பள்ளிகளில் சேர முடியாத பிள்ளைகள் வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்புக் கணக்கைப் போட்டுப் பழக ஒரு தளம்; எந்த வரியில் தப்புச் செய்தார்கள் என்று அதுவே காட்ட வேண்டும். பொதுத்தேர்வுக்கு முன் முடிக்க வேண்டும் என்பது உன் பிடிவாதம். ஆனால் சிகிச்சை தொடங்கிய பின் காலையில் கொஞ்ச நேரம்தான் உன்னால் நிமிர்ந்து உட்கார முடிந்தது.

அந்தக் கொஞ்ச நேரத்தையும் காத்திருப்பு தின்றது. தளம் பின்னாளில் எந்த மாதிரி இயந்திரத்தில் ஓடுமோ அதே மாதிரி ஒன்றை, வெறும் மென்பொருளாலேயே, நம் கம்ப்யூட்டருக்குள் உருவாக்கியிருந்தாய். பெட்டிக்குள் ஒரு பெட்டி. எனக்கு அதுவே அதிசயம். ஆனால் ஒரு வரியைத் திருத்திவிட்டுப் பக்கத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நீ கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவாய். பக்கம் வரும்போது உன் தெம்பு போயிருக்கும்.

உதவுவதாக நினைத்து ஒருநாள் நான் கிட்டத்தட்ட மெமரி முழுவதையும் உள்பெட்டிக்கே ஒதுக்கிவிட்டேன். இரண்டு பெட்டிகளும் உறைந்து நின்றன.

"ஏனுங்க, லாரிக்குப் பாடி கட்டுற ஊருல பொறந்துபோட்டு, எஞ்சினைக் கழட்டிப் பாடியில ஏத்தி வெச்சிருக்கறீங்களே!"

"நல்லது பண்ணலாம்னுதான் அம்மணி..."

"பண்ணுன வரைக்கும் போதுஞ் சாமி" என்று கைகூப்பிச் சிரித்தாய். வெளிப்பெட்டிக்குப் பாதியைத் திருப்பிக் கொடுத்தாய். உறைந்தது ஓடியது, வேகம் மட்டும் வரவில்லை.

காரணத்தை நீயே கண்டுபிடித்தாய். தளம் ஓடுவது உள்ளே. அதன் கோப்புகள் இருந்தது வெளியே. ஒரு பக்கம் திறக்க எத்தனையோ சின்னக் கோப்புகள் ஒவ்வொன்றாக எல்லை தாண்டி வர வேண்டியிருந்தது. பாடப்புத்தகத்தை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் வகுப்பிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்துவரும் வாத்தியார் எப்போது பாடத்தை முடிப்பார்? கோப்புகளை உள்ளேயே கொண்டுபோய் வைத்தாய். பொத்தானை அழுத்தினாய். விரலை எடுப்பதற்குள் பக்கம் திறந்திருந்தது.

"அதுக்குள்ளயா?" என்றேன்.

"பொறுங்க, முன்னாடி சேத்து வெச்ச பழைய பக்கத்தைக் காட்டுதோ என்னமோ." ஒரு எண்ணை மாற்றி மறுபடி அழுத்தினாய். புது எண் நின்றது. புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. அதே பழைய பெட்டி. இருந்தவை இருக்க வேண்டிய இடத்துக்குப் போயின, அவ்வளவுதான்.

தேர்வுக்கு முன்பே தளம் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. அதைவிடப் பெரியதாக நான் வைத்திருப்பது வேறொன்று. அந்தக் காலையில் வேலை முடிந்தும் உனக்குச் சோர்வு வரவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பினாய். "தெம்பு மிச்சமிருக்குதுங்க. என்னமாச்சும் பேசுங்க" என்றாய். அதற்குப் பிறகு தினமும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கடைசி மாதங்களில் நாம் பேசியதெல்லாம் அந்த மிச்சத்தில் பேசியதுதான்.