கானிம் சாச்சா குடிக்காமல் வைத்த கஹ்வா

முஹர்ரக்

அன்பு மகள் லுல்வாவுக்கு உன் உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் வாப்பாவும் உடம்பளவில் சுகம், அந்த ராட்டர்டாம் குளிரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ நடுவில் புகுந்து உம்மா உம்மா என்று குழைவாய், நானும் கரைந்துபோவேன். இதில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

புது வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். பதினொன்றாம் மாடிக்கு லிஃப்ட் இருக்கிறது, உன் வாப்பாவின் முழங்காலுக்கு நிம்மதி, ஆஸ்பத்திரி பஸ் வாசலிலேயே நிற்கிறது. நம் சந்தில் பாதிப் பேர் ரிஃபா பக்கம் வில்லா கட்டிக்கொண்டு போய்விட்டு, பழைய வீடுகளை அறைக்குப் பத்துப் பேர் என்று வாடகைக்கு விட்டதும், சாக்கடை பொங்கி வாசல்வரை வந்ததும் எனக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக் கானிம் சாச்சாவின் மனைவி ஹஸ்ஸாவுக்கு நெஞ்சு வலித்த அன்று ஆம்புலன்ஸ் சந்துக்குள் நுழைய முடியாமல் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்களே, அதை நான் மறக்கவில்லை. சந்து மாறத்தான் வேண்டும் என்று நீ சொன்னதில் தப்பே இல்லை. சந்தை வாங்கி இடித்துக் கட்ட வந்த கம்பெனிக்குப் புதுத் தெருவின் படம் வரைவது நீ வேலை பார்க்கும் ஆபீஸ்தான் என்று தெரிந்தபோது உன் வாப்பாவைப் பிடிக்க முடியவில்லை, சாயங்காலம் நம் முன்கூடத்து மஜ்லிஸில் வந்து உட்கார்ந்தவர்களிடமெல்லாம் 'எம் பொண்ணு வரையுற தெருவுல மரமிருக்கும், நெழலிருக்கும்' என்று பெருமையடித்தார். ஆனால் முனையில் இருந்த நம் வீட்டை மட்டும் விற்க மாட்டேன் என்றார். நீதானே அவருக்குச் சொன்னாய், 'ரோட்ட வளைச்சுப் போட்டுக்கிறேன் வாப்பா, நம்ம வீட்டத் தொட மாட்டேன்' என்று. அந்தத் தைரியத்தில்தான் கம்பெனிக்காரர்கள் வந்தபோதெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

அப்புறம் கானிம் சாச்சா வந்தார். மஜ்லிஸ் நிறைய ஆட்கள், நான் கதவுக்குப் பின்னால் தட்டோடு நிற்கிறேன். உன் வாப்பா சின்னக் கோப்பையில் கஹ்வாக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். சாச்சா கோப்பையை வாங்கி, குடிக்காமல் கம்பளத்தில் வைத்துவிட்டு, 'ஒரு தேவையோட வந்திருக்கேன், தர்றேன்னு சொன்னாத்தான் குடிப்பேன்' என்றார். அப்படி வைத்தவரிடம் என்ன தேவை என்று முதலில் விசாரிப்பது நம் வழக்கமில்லை, தருகிறேன் என்ற பிறகு மறுத்தால் மானம் போச்சு, உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மகனுக்கு எங்கேயோ பெண் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, 'குடி கானிம், வந்த காரியம் முடிஞ்சுது' என்றார் உன் வாப்பா. சாச்சா குடித்தார். குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தாமல், 'வீட்டக் கம்பெனிக்குக் குடுத்துடு' என்றார். அத்தனை பேர் முன்னால் கொடுத்த வாக்கு, அந்த வாரமே உன் வாப்பா கையெழுத்துப் போட்டார்.

அன்றோடு நின்றது அவர்கள் இருவரின் அத்தனை வருஷச் சிநேகிதம். பள்ளிவாசலில் சாச்சா பக்கத்தில் வந்து நின்றால் இவர் வேறு வரிசைக்குப் போய்விடுகிறார். ஸலாமுக்கு வாய்க்குள்தான் பதில். 'குத்த வர்றவன் கத்தியாவது எடுத்துட்டு வருவான், இவன் என் கஹ்வாவ வச்சே என்னக் குத்துனான்' என்று புலம்புகிறார். இந்த மாடிக்கு யாரும் மஜ்லிஸுக்கு வருவதில்லை. கீழே செக்யூரிட்டியிடம் பேர் சொல்லி, அனுமதிக்குக் காத்திருந்து யார் வருவார்கள். வந்து காத்திருந்தவர் கானிம் சாச்சா ஒருத்தர்தான், அவரை மேலே விட வேண்டாம் என்று உன் வாப்பா சொல்லிவிட்டார். சாயங்காலமானால் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் கடையில் ஹஸ்ஸாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என் அபாயாவைப் பிடித்து நிறுத்தி, 'மொன வீடு இல்லாம ரோடு வராதுன்னு உம் மக போன் போட்டு அழுதுதான் இவரு போனாரு. கோப்பையக் கீழ வைங்க சாச்சா, வாப்பாவால மறுக்க முடியாதுன்னு சொல்லிக்குடுத்தது யாரு? அவதான்' என்றாள். நான் நம்பவில்லை. வெட்கத்தை விட்டு சாச்சாவிடமே போய்க் கேட்டேன். அவர் இல்லையென்று சொல்லவில்லை. 'ஹஸ்ஸாவத் தூக்கிட்டுப் போன அன்னைக்கே எனக்கும் மனசு மாறிப்போச்சு லுல்வா உம்மா. ஆனா வழி சொன்னது உங்க புள்ளதான். அவன்கிட்ட சொல்லிடாதீங்க. எம்மேல கோவம்னா தாங்கிக்குவான், அவ மேலன்னா தாங்க மாட்டான்' என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை லுல்வா. வெளியாள் யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது, அந்த மஜ்லிஸில் தவழ்ந்தவளுக்குத்தான் வரும். வாப்பாவிடம் நேரே கேட்டிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், என்னிடமாவது சொல்லியிருக்கலாம், நானே உன் பக்கம் நின்று பேசியிருப்பேன். வாக்குத் தவறாத மனுஷன் என்பதை வைத்தே அவரைக் கவிழ்த்தாய், நீ கொடுத்த வாக்கையும் காற்றில் விட்டாய், பழியை ஊரான் தலையில் ஏற்றிவிட்டு அங்கே நிம்மதியாகத் தூங்குகிறாய். வீடு போனதுகூட எனக்குப் பெரிதில்லை. பெற்ற மகளே இப்படிச் செய்தாள் என்பதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

வாப்பாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது உன் வேலை. ஜும்மாவுக்கு முன்னால் நீயே கூப்பிட்டுச் சொல், இன்னொரு வெள்ளிக்கிழமை கானிம் சாச்சா உன் குற்றத்துக்குத் தலைகுனிந்து நிற்க வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. என்ன கோபம் இருந்தாலும் என் துஆவில் உன் பேர்தான் முதலில் வருகிறது, அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும். உன் வாப்பா ஸலாம் சொல்லச் சொன்னார். நேற்றுச் சாப்பிடும்போது, 'கானிமே ஏமாத்திட்டான், இனிமே நான் நம்புறதுக்கு எம் பொண்ணு ஒருத்திதான் இருக்கா' என்றார். நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
ஸபீக்கா