பக்கத்து இருக்கையில் லாரி பேட்டரி

இன்று காலை நம் மகனுடைய கார் கிளம்பவில்லை. போனில் சொன்னதும் ஒருவர் புது பேட்டரியோடு வந்தார். பழையதைக் கழற்றினார், புதியதை வைத்தார், முனைகளில் வாஸ்லின் தடவினார், போய்விட்டார். நான் காப்பி கலந்து எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் கிடந்த பழைய பேட்டரியிலிருந்து அந்தப் புளித்த ஆசிட் நெடி வந்து மூக்கை அரித்தது. உடனே உங்கள் ஞாபகம். செத்துப்போன புருஷனை மல்லிகை வாசத்தில் நினைத்துக்கொள்கிற பெண்கள் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது இது.

எழுபதுகளின் கடைசியில், உங்கள் அப்பா விட்டுப்போன தறிகளில் இரண்டை விற்று, சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினீர்கள். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விட்டுப்போனதாம். மேலே கூரை கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம். வீட்டிலோ உங்கள் அம்மா, நாம் இருவர், கைக்குழந்தை. அத்தை காரைச் சுற்றி வந்து, "இதுல யாருலே ஏறுவா?" என்று கேட்டார். "வேகத்துக்குன்னே செஞ்ச வண்டிம்மா" என்றீர்கள். சங்கரன்கோவில் ரத வீதியில் மாடும் சைக்கிளும் தள்ளுவண்டியும் விட்ட இடைவெளியில் அது போன வேகத்துக்கு, நடந்து போகிறவர்கள் உங்களோடு பேசிக்கொண்டே கூட வரலாம். வந்தார்கள். உங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். உங்களுக்கு வாழ்வும் வரவில்லை, குடை மட்டும் வந்தது.

அந்தக் காரின் பேட்டரி இருக்கைக்குப் பின்னால், ஒரு பலகைக்கு அடியில், குழிக்குள் இருந்தது. அதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும் என்று விற்றவர் படித்துப் படித்துச் சொன்னார். நீங்கள் அம்மன் கோயில் சுனையிலிருந்து ஒரு சொம்பு கொண்டுவந்து ஊற்றினீர்கள். கேட்டதற்கு, "இதுல குளிச்சா மனுசன் சொறி செரங்கே போவுது. பேட்டரிக்கு ஆவாதாட்டி?" என்றீர்கள். அம்மன் மேல் உங்களுக்கு இருந்த பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. புத்தியில்தான் சந்தேகம்.

பேட்டரி செத்த நாளையும் நன்றாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் நான் முடித்த ஆசிரியர் பயிற்சிக்கு, பல வருஷம் காத்திருந்து வேலை உத்தரவு வந்திருந்தது. மேலநீலிதநல்லூரில் பள்ளிக்கூடம். குறித்த நாளில் மதியத்துக்குள் சேராவிட்டால் வேலை வேறு ஒருத்திக்குப் போய்விடும். மிச்சத் தறிகளும் பாதி நாள் சும்மா கிடந்த வீட்டில், இனி சோறு அந்த வேலையில்தான் என்பது எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

"நான் டவுன் பஸ்ல போயிக்கிடுதேன்" என்றேன்.

"வீட்ல கார வச்சுக்கிட்டு பொண்டாட்டிய பஸ்ல அனுப்பினா ஊரு சிரிக்காதா? நாந்தான் கொண்டு விடுவேன்."

புதுப் புடவையும் கையில் சோற்றுத் தூக்குமாக நான் வாசலில் நின்றேன். சாவியைத் திருகினீர்கள். டிக் என்றது. மறுபடி டிக். தெருவே கூடித் தெரு முனைவரை தள்ளியது, திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தது. எனக்கு அந்தத் தூக்கை உங்கள் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. அப்போதாவது பஸ்ஸுக்கு அனுப்பியிருக்கலாம். "பேட்டரிய மாத்துனா முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேட்டரிக் கடை வைத்திருந்தவரைக் கூட்டி வந்தீர்கள்.

"இதுக்குத் தோதானது இங்கன கெடைக்காது அண்ணாச்சி. திருநவேலிக்குத்தான் போவணும். எங்கிட்ட லாரி பேட்டரிதான் இருக்கு" என்றார் அவர்.

"அதப் போடும் வே. பேட்டரில லாரி என்ன, காரு என்ன?"

லாரி பேட்டரி குழிக்குள் இறங்கவில்லை. நேராக வைத்துப் பார்த்தீர்கள், சாய்த்துப் பார்த்தீர்கள், காரைச் செய்த வெள்ளைக்காரனின் வம்சத்தையே ஏசினீர்கள். பிறகு உங்கள் முகத்தில் ஒரு ஒளி வந்தது. பேட்டரியைத் தூக்கி உங்களுக்குப் பக்கத்து இருக்கையில் வைத்தீர்கள். கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, லாரி கேபிளைப் பின்பக்கம் இழுத்து மாட்டச் சொன்னீர்கள். சாவியைத் திருகியதும் கார் உறுமியது. தெரு விசிலடித்தது.

"நான் எங்கன உக்கார?" என்று கேட்டேன்.

பேட்டரியைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். வெகு நிதானமாக, "மடியில வச்சுக்கிடுதியா?" என்றீர்கள்.

நான் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். "சரி, ஒரு ரவுண்டு ஓடுனா சார்ஜ் ஏறும். வந்து ஏதாவது வழி பண்ணுதேன்" என்று கிளம்பினீர்கள். உங்கள் ஹாரன் தெற்கு ரத வீதியில் கேட்டது. பிறகு மேற்கில் கேட்டது. பிறகு மறுபடி தெற்கில் கேட்டது. அத்தை என் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். "நீ பஸ்ஸப் பாத்துப் போ தாயி. அவன் இனி பெட்ரோல் தீந்தாத்தான் வருவான்."

நான் ஏறிய பஸ், ஸ்டாண்டை விட்டு வெளியே திரும்பும்போது எதிரே நீங்கள் வந்தீர்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். அவர்களுக்குக் கைகூட அசைத்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காய்கறிக்காரப் பெண், "யாரு தாயி அது? பேட்டரிய மகாராணி கணக்கா உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறாரு, தெரிஞ்ச ஆளா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

மதியத்துக்கு முன்பே போய்க் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தால், பேட்டரியிலிருந்து தளும்பிய ஆசிட்டில் வேட்டி சல்லடையாகி, தொடையில் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். வேலையில் சேர்ந்தாயா என்று கேட்கவில்லை. "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவக் கூடாதாட்டி?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டீர்கள்.

அந்தக் கார் பிறகு தறிக் கொட்டகைக்குப் பின்னால் நின்று துருப்பிடித்தது. கோழி முட்டையிட மட்டும் உதவியது. என் சம்பளத்தில் வீடு ஓடியது, பிள்ளை படித்தான். நீங்களோ பார்க்கிறவர்களிடமெல்லாம், "மொத நாளு நாந்தான் அவள கார்ல கொண்டு விட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். என் ஓய்வு விழாவில் மேடையேறியும் அதையே சொன்னீர்கள். கூட்டம் கைதட்டியது. எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. இப்படியும் கூசாமல் ஒரு மனிதரால் பேச முடியுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போன அன்று துட்டி கேட்க வந்த பெண்கள், "அவுக நல்லா இருந்த முகத்த நெனச்சுக்க தாயி" என்றார்கள். நினைத்துப் பார்த்தேன். கல்யாணப் படத்து முகம் வரவில்லை. பஸ் ஜன்னல் வழியே பார்த்த முகம்தான் வந்தது. முடி பறக்க, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, உலகத்தில் ஒரு குறையும் இல்லாதவர் போல. அத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தும், அப்படி ஒரு சந்தோஷத்தை வேறெப்போதும் உங்கள் முகத்தில் நான் பார்த்ததில்லை. விற்ற தறிகளைக்கூட எப்போதோ மன்னித்துவிட்டேன். இதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் இன்றும் அந்த முகம்தான் வருகிறது. அதன் பக்கத்தில் நான் இல்லை.