கறுப்புப் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்று சர்வீஸ் கவுன்டருக்கு மூன்று பிணங்கள் வந்தன. ஒரு காபி மெஷின், ஒரு ஹேர் ட்ரையர், ஒரு மிக்ஸர். மூன்றும் நூற்றிருபது வோல்ட் தேசத்தில் பிறந்தவை. மூன்றையும் இங்கே இருநூற்று முப்பதில் செருகிக் கொன்றிருக்கிறார்கள். சொல்லிவைத்தாற்போல் மூன்று பேரிடமும் ஒரே வாக்குமூலம்: "பிளக் நுழைஞ்சுதே சார்!"

நுழையும். நுழைகிற இடமெல்லாம் உன் இடமா? பின்னால் இத்தனை வோல்ட் என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறான். படிக்க மாட்டார்கள். யாருமே எதையுமே படிப்பதில்லை.

மார்ச் 7, வெள்ளி

அத்தான் வெளிநாட்டிலிருந்து தனியாக வந்திறங்கினார். அக்கா வரவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை.

அப்பாவின் நெபுலைசர் போன வாரமே செத்துவிட்டது. மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மூச்சுக்குள் அனுப்புகிற மெஷின், அது இல்லாமல் அவருக்கு ஆகாது. இங்கேயே ஒன்று வாங்குகிறேன் என்றேன். "மாப்பிள்ளை கொண்டு வரார், பொறு" என்று வீட்டில் வாயை அடைத்துவிட்டார்கள். அதுவரை தினமும் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ச் சமாளித்தேன். கொண்டு வந்தார். திருப்பிப் பார்த்தேன். 120 வோல்ட்.

"இந்த குவாலிட்டி இங்க கிடைக்காது மாப்ள."

"இங்க ஓடவும் ஓடாது அத்தான்."

"அடாப்டரும் வாங்கிட்டேன்ல!" வெள்ளைக் கட்டை ஒன்றை மெடல் மாதிரி தூக்கிக் காட்டினார்.

"அது பிளக்கோட காலைத்தான் மாத்தும். வோல்டேஜை மாத்தாது."

"உலகம் பூரா வேலை செய்யும்னு அட்டையில போட்டிருக்கான்."

அடாப்டர் செய்யும். மெஷின்தான் செய்யாது. மனிதர் ஒரு கம்பெனியில் மேனேஜராம். அந்தக் கம்பெனியை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மார்ச் 8, சனி

கடையிலிருந்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தூக்கி வந்தேன். கறுப்புப் பெட்டி, செங்கல் கனம். ஒரு பக்கம் 230 வாங்கி மறுபக்கம் 120 கொடுக்கும். மெஷின் கொஞ்சம் சூடாகிறது, ஆனால் ஓடுகிறது. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம்தானே, தாங்கும்.

காலையும் மாலையும் நானே போடுவதாக ஏற்பாடு. முடிந்ததும் மெஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். யாரும் நோண்டக் கூடாது.

அம்மா கேட்டாள்: "அந்த வெள்ளைக் கட்டை போதாதாடா? இவ்ளோ பெரிய பெட்டி எதுக்கு?" நாலு தடவை விளக்கினேன். நாலாவது தடவை, "உனக்கு இது மண்டையில ஏறாதும்மா, விடு" என்று சொல்லிவிட்டேன். சிவப்பு மையில் பெரிதாக எழுதிப் பெட்டி மேல் ஒட்டினேன்: தெரியாதவர்கள் தொடாதீர்கள்!

அத்தான் வாசித்துவிட்டு, "எங்களைத்தானே?" என்று சிரித்தார். வேறு யாரை?

மார்ச் 12, புதன்

அத்தான் கிளம்பிப் போனார். வீட்டு ஃபியூஸுக்கு நிம்மதி.

மார்ச் 13, வியாழன்



பகல் பதினொரு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு இழுத்திருக்கிறது. அம்மா அலமாரியிலிருந்து மெஷினை எடுத்து, வெள்ளைக் கட்டையில் மாட்டி, நேரே சுவரில் செருகியிருக்கிறாள். உர்ரென்று ஒரு கத்தல். புகை. முடிந்தது. பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரர்தான் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாஸ்க் போட்டிருந்தார்கள். உதட்டில் நீலம் முழுசாகப் போகவில்லை. பிழைத்துக்கொள்வார் என்றாள் நர்ஸ்.

அது காதில் விழுந்ததும் வராந்தாவில் அம்மாவிடம் கத்தினேன். "பக்கத்துலயே பெட்டி இருக்குல்ல? அதுல செருகித் தொலைச்சிருந்தா என்ன?"

"தெரியாதவங்க தொடாதீங்கன்னு எழுதியிருந்தியே. எனக்குத் தெரியாதுடா, அதான் தொடல. வெள்ளைக் கட்டையில ஒண்ணும் எழுதலயே."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணா முதல்ல திட்டுவே. அப்புறம்தான் விஷயத்துக்கு வருவே. அப்பாவுக்கு அவ்வளவு நேரம் மூச்சு இல்லடா."

குத்திக்காட்டுகிற குரலில்கூட அதைச் சொல்லவில்லை. மணி என்ன என்றால் சொல்வதுபோலச் சொன்னாள்.

— யாருமே எதையுமே படிப்பதில்லையா? அவள் படித்தாள். எழுதியிருந்தபடியே நடந்தாள். என்ன எழுதி வைத்தேன் நான்?

மார்ச் 16, ஞாயிறு

அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். தெருமுனைக் கடையிலேயே புது மெஷின். 230. நேரே சுவரில் செருகலாம். அம்மாவே போடுகிறாள், நான் பேன்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன்.

போனில் அத்தான்: "அந்த மெஷின் குவாலிட்டி பரவாயில்லையா மாப்ள?" போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இந்த ஆள் திருந்த மாட்டார்.

சிவப்புச் சீட்டைக் கிழிக்கப் பார்த்தேன். பசை விடவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பெட்டியைக் கடைக்குத் திருப்பினேன்.

மார்ச் 24, திங்கள்

மதியம் கடைக்கு அம்மாவின் போன். அப்படியே எழுந்து நின்றுவிட்டேன்.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லடா. டாக்ஸிக்காரர் பொண்ணுக்கு யாரோ வெளிநாட்டு ஷேவர் மாதிரி ஏதோ குடுத்திருக்காங்க, புருவம் ட்ரிம் பண்றதாம். பின்னாடி நம்பர் போட்டிருக்கு. படிக்கவா?"

"படி."

"நூறு. அப்புறம் சின்னதா ஒரு கோடு. அப்புறம் இருநூத்தி நாப்பது." ஒவ்வொன்றாக, விரல் வைத்துப் படிக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. "அப்போ நம்ம இருநூத்தி முப்பது அந்தக் கோட்டுக்குள்ள வந்துடுதுல்ல? அந்த வெள்ளைக் கட்டையில மாட்டிச் செருகலாமா?"

"செருகலாம்மா."

"அவ்ளோதானா? திட்டலயா?"

"கஸ்டமர் நிக்கறாங்கம்மா. வைக்கறேன்."

கவுன்டரில் யாரும் இல்லை.