காவல்மேட்டுக் கோட்டைவாசல்

சக்குபள்ளம்
7 செப்டம்பர் 2025

அன்பு மிகுந்த தங்கை அம்ருதாவுக்கு,

மாரீஸ்வரி நலம். உன் நலமும், உன் அப்பா வெங்கிடாசலம் ஐயா, அம்மா ஆகியோரின் நலமும் அறிய அவா. கைப்பேசியில் பேசிவிடலாமே என்று நீ கேட்பாய். பேசியது காற்றோடு போகும், எழுதியது நிற்கும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், தேயிலைச் சாக்கில் அச்சடித்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதப் பழகியவளுக்கு அந்த ஆசை இருக்கக் கூடாதா?

வேல்ஸ் தேசத்தில் நீ படித்த காலத்தில் மலை மலையாக நடந்து பார்த்த கோட்டைகளின் படங்களை அனுப்பியிருந்தாய் அல்லவா? புல்லைச் சீராக வெட்டி, சுவரில் ஒரு தழையும் இல்லாமல், அவை நின்ற கோலத்தை எங்கள் தோட்டத்து லய வீடுகளின் பெண்கள் அனைவரும் கண்டு வியந்தார்கள். சென்ற ஆண்டு மலைநடைக்கு வந்த நீயும் நானும் அட்டைக் கடியோடு ஏலக்காட்டு வழியே ஏறிப் பார்த்த நம் காவல்மேட்டுக் கோட்டை மட்டும் காடு மண்டிக் கிடக்கலாமா என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆகவே பூமாரியும் நானும் இன்னும் சில பெண்களும் ஞாயிறுதோறும் ஏறினோம். ஆயுள் முழுதும் தோட்டத்தில் களையெடுத்த கைகள் அல்லவா! வாசலின் வலப்பக்கச் சுவரைப் பின்னிக் கிடந்த கல்லால மரத்தின் வேரை முற்றிலும் அறுத்தெறிந்து, கல்லிடுக்குகளைச் சுரண்டியால் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கழுவினோம். இடப்பக்கம் பிறகு.

பூமாரியின் வாயை நீ அறிவாய். "ஏ மாரி, இடிஞ்ச சுவருக்கு எதுக்குடி இம்புட்டுச் சிங்காரம்? ராசா என்ன மறு கல்யாணத்துக்கா வாராரு?" என்று கேட்டுவிட்டு, எல்லோரையும்விட அதிகமாக அவளே உழைத்தாள்.

படம் இணைத்துள்ளேன். பூஜை விடுமுறையில், அக்டோபர் இரண்டாம் நாள், உன் பாலக்காட்டு மலைநடைக் குழுவை அழைத்து வா. வாசலின் கீழ் நின்று நானே வரவேற்புரை ஆற்றுவேன்.

என்றும் உன் அக்கா,
மாரீஸ்வரி


கல்பாத்தி
13 செப்டம்பர் 2025

மாரீஸ்வரி அக்காவுக்கு,

அம்ருதாவின் நமஸ்காரம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மா, "உங்க அக்கா எழுதினா கல்வெட்டாட்டமா இருக்குடீ" என்றாள். படத்தைப் பார்க்கும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்கா, கோபப்படாமல் படியுங்கள். அந்தக் கோட்டையில் சுண்ணாம்பு கிடையாது. கல்மேல் கல்லை அடுக்கி, நடுவில் மண்ணும் சல்லியும் இட்டுக் கட்டியது. அந்த மண் எப்போதோ மழையில் கரைந்துவிட்டது. இத்தனை காலம் வாசலைப் பிடித்துக்கொண்டிருந்தது கல்லாலின் வேர்தான். வேல்ஸில் நான் பார்த்த சுவர்களில், செடியை எடுக்கும் முன்பே கல்லிடுக்கில் காரை அடைத்துவிடுவார்கள். அதைப் படத்தோடு சேர்த்து உங்களுக்குச் சொல்லாமல் விட்டது என் தவறு.

வாசலின் மேல் குறுக்கே கிடக்கும் மேற்கல் வலப்பக்கமாகச் சாய்ந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. மழை ஓய்ந்து வெயில் ஏறும்போது இப்படிப்பட்ட சுவர்கள் விழும். நான் குழுவை அழைத்து வரப் போவதில்லை. நீங்களும் யாரும் அந்த வாசலுக்குக் கீழே போகாதீர்கள். இடப்பக்க வேரைத் தொடவே வேண்டாம்.

அன்புடன்,
அம்ருதா


சக்குபள்ளம்
19 செப்டம்பர் 2025

பொறியாளர் அம்ருதா அவர்களுக்கு,

தங்கள் மடல் கிடைக்கப்பெற்றேன்.

ஒரே ஒரு படத்தைக் கொண்டு, நூற்றுக்கணக்கான ஆண்டுகள் புயலும் மழையும் தாங்கிய கோட்டையின் ஆயுளைக் கணித்துவிட்ட தங்கள் திறமையை வியக்கிறேன். தாங்கள் கண்ட கோட்டைகளைத் துப்புரவு செய்தால் அது பண்பாடு. எங்கள் கோட்டையை நாங்கள் துப்புரவு செய்தால் அது அறியாமை. அப்படித்தானே?

இங்கு எவரும் அஞ்சவில்லை. வாசலில் தொங்கிய வௌவால்கள் ஒன்றுவிடாமல் போய்விட்டன; துப்புரவான இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை? சுவரிலிருந்து காலையும் மாலையும் பொடி உதிர்கிறது; சுரண்டிய இடம் உதிரத்தான் செய்யும். ஆடுகள் முன்போல அதன் நிழலில் படுப்பதில்லை; புல் இல்லாத இடத்தை ஆடு நாடாது. "சுவரு பல்லக் கடிக்குதுடி, காதக் குடுத்துக் கேளு" என்று பூமாரி சொன்னாள். நானும் காது வைத்துக் கேட்டேன். ஏதோ ஓர் ஓசை இருந்தது. பகல் வெயிலில் கல் விரிவது இயல்பே.

தாங்கள் வாராமையால் விழா நின்றுவிடாது. குமுளி விடுதியொன்றில் தங்கும் பயணிகள் குறித்த நாளில் வருகிறார்கள். பூமாரி சுக்குக்காப்பி வைக்கிறாள். அவள் கணவர் சங்கையா அண்ணன் வழிகாட்டி அழைத்து வருகிறார்.

இங்ஙனம்,
மாரீஸ்வரி


கல்பாத்தி
24 செப்டம்பர் 2025

அக்கா,

நீங்கள் அழைப்பை எடுப்பதில்லை. அதனால் விரைவுத் தபாலில் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது. பொடி உதிர்வது, ஓசை கேட்பது எல்லாமே கல் நகர்கிறது என்பதற்கு அடையாளம். உங்கள் அறிவைக் குறைத்துச் சொல்ல நான் யார்? என்மீது கோபம் இருந்தால் இருக்கட்டும். அதற்காகக் கல் காத்திருக்காது.

அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. நான்காம் தேதிதான் என்னால் கிளம்ப முடியும். வந்ததும் உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். அதுவரை பயணிகளை எதிர்மேட்டில் நிறுத்தி, அங்கிருந்தே கோட்டையைக் காட்டுங்கள். வரவேற்புரையையும் அங்கேயே சொல்லுங்கள். இது ஒன்றைச் செய்வதாக ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அம்ருதா


சக்குபள்ளம்
31 அக்டோபர் 2025

அம்ருதா,

நான்காம் தேதி நீ வந்து கதவைத் தட்டியபோது நான் உள்ளேதான் இருந்தேன். திறக்கும் துணிவு எனக்கு இல்லை. நடந்ததை ஊரார் வாயால் அறிந்திருப்பாய். என் கையால் எழுதித் தர வேண்டியது என் கடமை.

பயணிகளைச் சங்கையா அண்ணன் மேட்டின்மேல் அழைத்து வந்துகொண்டிருந்தார். நான் வாசலுக்குச் சற்று முன்னால் நின்று உரையை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூமாரி காப்பிப் பாத்திரத்தை வாசல் நிழலில் வைத்தாள். வலப்பக்கச் சுவரின் அடியில், அறுத்த வேரிலிருந்து ஒரு சிறு தளிர் எட்டிப் பார்த்தது. களை கண்ணில் பட்டால் எங்கள் கை சும்மா இராது. "விருந்தாளி வார வாசல்ல நீ எதுக்குடா?" என்று அதனோடு பேசிக்கொண்டே குனிந்தாள். தளிர் எளிதில் வரவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு இழுத்தாள்.

முதலில் ஒரு கல் வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேற்கல்.

காவல்துறையிடம் உன் எச்சரிக்கையை மறைக்காமல் சொன்னேன். எனக்கு என்ன நேரும் என்பது இன்னும் தெரியவில்லை. அதைப் பற்றி நான் எழுத வரவில்லை.

இடப்பக்கச் சுவர் இன்னும் நிற்கிறது. வேரும் இருக்கிறது. அதன் கீழேதான் தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. மிச்சமிருந்த வேர்தான் கல்லைத் தள்ளி அவளைக் கொன்றது என்று சங்கையா அண்ணன் நம்புகிறார். "அதையும் வெட்டி எரிச்சாத்தான் அவ அடங்குவா" என்கிறார். நாளை முப்பதாம் நாள் காரியம். காலையிலேயே மருமகன்கள் வெட்டுக்கத்தியோடு ஏறுகிறார்கள்.

நான் அவர் வீட்டு முற்றத்தில் நின்று, நீ எனக்கு எழுதிய அத்தனையையும் எடுத்துரைத்தேன். மண் கரைந்ததை, வேர் பிடித்திருப்பதை, வெயில் ஏறினால் சுவர் விழுவதை, எல்லாவற்றையும். என் தமிழ் முழுவதையும் செலவழித்தேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "படிச்ச புள்ள எழுதுனத அன்னைக்கு நீ கேட்டியா, தாயி? இன்னைக்கு எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டே" என்றார்.

பெண்கள் ஒருவரும் என் பக்கம் நிற்கவில்லை. நிற்கும்படி கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

ஆதலால் நான் விடியும் முன்பே ஏறிப்போய் அந்த வேரின்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். என்னை வெட்டாமல் அதை வெட்ட முடியாது. சங்கையா அண்ணன் என்னைத் தூக்கி அப்புறப்படுத்த மாட்டார். என்னைத் தொடவே அவர் கூசுகிறார்; அவர் சொல்லாமல் மருமகன்களும் தொட மாட்டார்கள். அந்த வெறுப்பு ஒன்றுதான் இப்போது எனக்குத் துணை. அவர்கள் வெட்டாமலேயே சுவர் என்ன செய்யும் என்பதை நீதான் கணித்துச் சொல்ல வேண்டும். அதை நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை.

நீ சொன்னது சரி என்று எழுத எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. உன்னைப் பார்த்தால் அதை நாள்தோறும் நினைக்க நேரும். அதனால் நீ இங்கு வர வேண்டாம்.

இதை அஞ்சலில் சேர்த்துவிட்டு வருகிறேன். உன் கைக்குக் கிடைக்கும்போது நாளைய காலை எப்போதோ முடிந்திருக்கும். பதில் எழுதாதே. வாங்க நான் வீட்டில் இருப்பேன் என்று என்னால் உறுதி கூற இயலாது.

மாரீஸ்வரி