முகமில்லாத கிருஷ்ணன்

அம்மா,

கூடம் முழுக்க ஆவாரம்பட்டை வாடை. தம்பி தான் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஒரு சாக்கு கொண்டுவந்து, உன் கிருஷ்ணனை அதில் சுற்றி வைத்திருக்கிறான். பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம். நீ கண்மூடிய நாளிலிருந்து அவன் காத்திருந்தது அதற்குத்தான். பின்னமான படத்தை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். நம் ஆறோ இத்தனை மாதமாக வெறும் மணல்.

சாக்கைப் பிரித்தேன். உன் தாத்தா தஞ்சாவூரில் எழுதச் சொல்லி வாங்கிவந்த பலகைப் படம். வெண்ணெய்க் குடம், தங்க ரேக்கு, கண்ணாடிக் கற்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கிரீடத்துக்குக் கீழே மட்டும் வெளுத்த தழும்பு.

எனக்கு அப்போது பத்து வயது. கோகுலாஷ்டமிக்கு முதல்நாள். சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியைக் கழுவக் கொல்லைக்கு எடுத்துப் போயிருந்தாய். சட்டத்தின் இடுக்கு வழியே விளக்குப் புகை படிந்திருந்த கிருஷ்ணன் முகத்தை, சிலேட்டைத் துடைப்பதுபோல் ஈரத்துணியால் துடைத்தேன். புகையோடு கண்ணும் வாயும் துணியில் வந்துவிட்டன. நீ வந்து பார்த்தாய். அடிக்கவில்லை. துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். அப்பா கேட்டபோது அது உன் கையில்தான் இருந்தது.

“நான்தான் தொடச்சேன்” என்றாய்.

அத்தை அதைச் சாகும்வரை விடவில்லை. “சாமி மூஞ்சியவே தொடச்சவளாச்சே, இந்த வூட்டையும் தொடச்சிட்டுதான் ஓய்வா” என்பாள். நீ அவளுக்குக் குழம்பு ஊற்றுவாய். நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

பட்டப்படிப்புக்கு நடுவே விடுமுறைக்கு வந்தபோது உன்னிடம் வாதாடினேன். “மூஞ்சியே இல்லாத பலகைக்கு எதுக்கும்மா வெளக்கு?”

“நீ மெட்ராஸ்ல இருக்கச்சொல்ல உன் மூஞ்சியுந்தான் எனக்குத் தெரியல. நெனைக்காம இருந்தேனா? போய் எண்ணெ எடுத்தா.”

அது தர்க்கமாகாது என்று இன்றும் சொல்வேன். ஆனாலும் எண்ணெய் எடுத்து வந்தேன்.

இன்று காலை தம்பியிடம், “ஆத்துல விடக்கூடாது” என்றேன்.

“இன்னாக்கா நீ! சாமியே இல்லைன்றவ, அம்மா அழிச்ச சாமியக் கட்டிகினு நிக்கிறியே?”

“அம்மா அழிக்கலடா. நான் அழிச்சேன்.”

நாற்பது வருஷம் கழித்து அதைச் சொல்லிவிட்டேன். “அத்தைக்குத் தெரியுமா?” என்றான்.

“யாருக்கும் தெரியாது. உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்.”

“எங்கிட்டகூட அம்மா சொல்லலியே” என்றான். பிறகு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

நாளை பலகையோடு வேலூரில் என் வீட்டுக்குத் திரும்புகிறேன். விளக்கேற்ற மாட்டேன் அம்மா. நம்பாததை உனக்காகச் செய்தால் நீயே ஏற்க மாட்டாய். புது முகம் எழுதவும் எவரையும் விட மாட்டேன். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுவேன். வருகிறவர்கள் முகம் எங்கே என்று கேட்பார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்வேன், நான்தான் துடைத்தேன் என்று.