மஞ்சள் பூசிய பாலக்கல்

"ஏன் வாத்தியாரே, பாலத்துக் கல்லைப் பேத்துட்டாக. இனி நம்ம குதிரை எங்குட்டு வரும்?" என்று ஒரு நாள் நீ என்னிடம் கேட்டாய். இன்று காலை அய்யனார் கோயில் வாசலில் சூட வாசனை அடித்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. பெயர்த்த அதே கல்லை நட்டு, மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள், மாப்பிள்ளை. எல்லைச்சாமியாம்.

சமஸ்தானக் காலத்துப் பாலம் அது. கல்தூண்களின் மேல் நீளக் கற்களைக் கிடத்தியிருந்தார்கள். அதன் வழியாகத்தான் உன் வண்டியில் காரைக்குடிச் சந்தைக்குப் போவோம். அக்கரையில் கட்டிக்கொடுத்த உன் மகள் வீட்டு வாசலில் வண்டி தானாக நிற்கும். "மாட்டுக்குத் தெரியுது, யார் வீட்டுல மோரு கெட்டின்னு" என்பாய்.

மண்குதிரை செய்யும் வேளார் இருந்தது அக்கரையில், அய்யனார் இக்கரையில். புரவியெடுப்பன்று இரண்டு ஊரும் குதிரைகளைத் தோளில் சுமந்து வந்து, யார் குதிரை முதலில் பாலம் ஏறுவது என்று கம்பு சுழற்றினார்கள். குதிரைகள் நொறுங்கின, மண்டைகளும். மறுநாள் நம்மூர்ப் பெரியதனக்காரர், அக்கரைக் குதிரை இனி வரக்கூடாது என்று நடுவிலிருந்த கல்லைப் பெயர்க்கச் சொன்னார்.

நம் குதிரையும் அக்கரையிலிருந்துதான் வரவேண்டும் என்பது அந்தத் தலைப்பாகைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. பரண்மேல் நின்றவன், எதிரி ஏறக்கூடாதென்று ஏணியை வெட்டிவிட்டு இறங்க வழி தேடினானாம். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும். இவர்கள் மீசையை முறுக்கினார்கள்.

கல்லைத் திரும்ப வைக்கச் சொல்லி நீ போய்க் கேட்டாய். உன் மகளுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. "பாலம் போனா கட்டிக்கலாம். மானம் போனா?" என்றார் பெரியதனக்காரர்.

ஐப்பசி மழையில் ஆறு பெருகிய அன்று, அவளுக்கு வலி எடுத்ததாக அக்கரையிலிருந்து கூவினார்கள். நீ வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாய். தூணைப் பிடித்த உன் கையைத்தான் கடைசியாகப் பார்த்தேன். பேரன் பிறந்தது உனக்குத் தெரியாது.

கட்டிக்கொள்ளலாம் என்ற பாலத்தை இன்றுவரை யாரும் கட்டவில்லை. குதிரை வராத கோயிலில் கும்பிட எதையாவது தேடி, எந்தக் கல் இல்லாமல் நீ போனாயோ அதையே சாமியாக்கிவிட்டார்கள். சொல்லிக்கொடுத்தால் புரியாத பிள்ளையே கிடையாது என்று இருந்தவன் நான். இவர்களைப் பார்த்த பிறகு அதை வெளியில் சொல்வதில்லை.

என்னிடம் மிச்சமிருப்பது ஒன்றுதான். எத்தனை மஞ்சள் அப்பினாலும், அந்தக் கல்லில் உன் வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளம் எனக்கு அடையாளம் தெரியும். அங்கே கும்பிடப் போகிறவர்களே, தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, மஞ்சளை ஒதுக்கி, அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள்.